மொக்கம்மாள் வீட்டு ஜங்ஷன் பெட்டிகள்

மகாராஜன் பைக்கோடு விழுந்தது போடிமெட்டு மலைப்பாதையில். சாயங்காலமே மூடுபனி இறங்கியிருந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பு ஒன்று வளைவில் அகலமாகத் திரும்ப, இவன் ஓரத்துக்கு ஒதுங்கினான். சரளையில் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் சிராய்ப்பு, தோளில் ஊமைக்காயம். வலது கைதான் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டும் இரண்டு விரல்களும் உடைந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் தொழில் வீடுகளுக்கு ஒயரிங் செய்வது. போடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பத்துப் பதினைந்து வருடமாக அதுதான் அவனுக்குச் சோலி. வலது கை இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப முடியாது.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து அவன் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி பொன்னுமணி சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துக் கரண்டி போட்டுக் கொடுத்தாள். இடது கையால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். என்ன யோசனை என்று அவள் கேட்டாள். மொக்கம்மாள் வீடு என்றான்.

மொக்கம்மாள் முப்பது வருடத்துக்கு மேலாகக் கேரளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஏலக்காய் எடுத்தவள். புருஷன் செத்து ரொம்ப நாளாயிற்று. ஒரே மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், ஒரே அறையில்தான் அவள் இத்தனை காலமும் குடியிருந்தாள். இப்போது வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த அறைக்கு அடுத்த குடும்பம் வரவேண்டும், மாசக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். போடிமெட்டில் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், சரிவில் அவளுக்கு அப்பன் வழியில் வந்த துண்டு நிலம் இருந்தது. அதில்தான் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வைத்து வீடு கட்டியிருந்தாள். ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அந்த வீட்டு ஒயரிங் வேலையை முடித்துத் தருவதாக மகாராஜன் வாக்குக் கொடுத்திருந்தான்.

வேறு ஆளை அனுப்ப முடியாதா என்று பொன்னுமணி கேட்டாள். ஆவணி மாசம், எல்லோரும் கைநிறைய வேலை வைத்திருக்கிறார்கள் என்றான். காசிராஜனிடம் மட்டும் கேட்டுப் பார்த்திருந்தான். அவனும் ஒயரிங் செய்கிறவன், கூட்டாளி. தேவாரத்தில் ஒரு பெரிய வீடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் வரமுடியும் என்று சொல்லியிருந்தான். அதற்குள் முகூர்த்தம் போய்விடும்.

“அங்க என்ன வேலை மிச்சம் இருக்கு?” என்றாள் பொன்னுமணி.

“பைப்பு போட்டாச்சு. ஒயர் எல்லாம் இழுத்தாச்சு. பெட்டிக்குள்ள இணைப்புக் குடுக்கணும். சுவிட்சு போர்டு மாட்டணும்.”

“இணைப்புக் குடுக்க என்ன வேணும்?”

அவன் அவளை எரிச்சலோடு பார்த்தான். “கை வேணும்.”

“எங்கிட்ட ரெண்டு இருக்கு” என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. விளையாட்டுப் பேச்சில்லை, கரண்டு விஷயம் என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவளும் சொன்னாள். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள், நான் செய்கிறேன். சரியாக வரவில்லை என்றால் விட்டுவிடுவோம் என்றாள்.

பொன்னுமணி போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குவித்துப் போட்ட காயிலிருந்து வெடித்தது, நிறம் வெளுத்தது, சிறுத்தது என்று பிரித்துப் பிரித்துத் தள்ளவேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்து அதைச் செய்கிறவளுக்குப் பொறுமை இருந்தது. ஆனால் ஒயர் வேறு மாதிரி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மகாராஜன் பையிலிருந்து துண்டு ஒயர்களை எடுத்துத் தரையில் போட்டு, மேலே இருக்கிற பிளாஸ்டிக் தோலை மட்டும் சீவி எடுக்கச் சொன்னான். அவள் சீவியதில் தோலோடு செம்புக் கம்பியும் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட இடத்தில் கம்பி பலமிழந்துபோகும், பிறகு அந்த இடம்தான் சூடாகும் என்றான். அடுத்த துண்டில் தோல் பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கடுத்ததில் விரலை அறுத்துக்கொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தரையெல்லாம் சிவப்பும் கருப்பும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் சுருள்கள் கிடந்தன. கடைசியாக அவள் நீட்டிய துண்டுகளை அவன் இடது கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பியில் கீறல் இல்லை.

“நாளைக்குக் குடோனுக்கு லீவு சொல்லிரு” என்றான்.

காலையில் தோட்டத்து ஆட்கள் போகும் ஜீப்பிலேயே இருவரும் மேலே ஏறினார்கள். பொன்னுமணி சேலைக்கு மேல் மகாராஜனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். ஜீப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சட்டை போட்டிருந்ததால், எந்தத் தோட்டத்துக்குப் புதுசாகப் போகிறாய் என்று ஒருத்தி கேட்டாள். தோட்டத்துக்கு இல்லை, கரண்டு வேலைக்கு என்றாள் பொன்னுமணி. மகாராஜன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மொக்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் கலங்கிப்போனாள். “என்ன அப்பு இது, இந்தக் கையோட ஏன் வந்தீக?” என்றாள். வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பொன்னுமணியின் முகத்தையே பார்த்து, செய்ய முடியுமா என்று கேட்டாள். தெரியாததைத் தெரிந்தமாதிரி செய்யமாட்டேன் பெரியம்மா, சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவேன் என்றாள் பொன்னுமணி. மொக்கம்மாள் தலையாட்டினாள். “அது மதி” என்றாள். அது போதும் என்று அர்த்தம். இத்தனை வருடத் தோட்ட வாழ்க்கையில் அவள் பேச்சில் மலையாளம் நன்றாகவே ஏறியிருந்தது.

வீடு கட்டுவதற்காக வாங்கிய தற்காலிக இணைப்பு வெளிச்சுவரில் இருந்தது. முதல் வேலையாக மகாராஜன் மெயினை அணைக்கச் சொன்னான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கச் சொன்னான். அதை எங்கே வைப்பது என்று அவள் கேட்க, யாரும் எடுக்க முடியாத இடத்தில் என்றான். அவள் அதைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகும், ஏணியில் ஏறும்போதெல்லாம் டெஸ்டரைக் கம்பியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தாள். அணைத்தாயிற்றே, எதற்கு மறுபடியும் என்று அவன் கேட்கவில்லை. அவனும் அப்படித்தான் செய்வான்.

ஜங்ஷன் பெட்டிகள் சுவரில், மேல்தளத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தன. வட்டமான சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகள். மூடியைக் கழற்றினால் பல திசைகளிலிருந்து வந்த ஒயர்கள் உள்ளே சுருண்டு கிடந்தன. மெயினிலிருந்து வரும் கரண்டு அந்தப் பெட்டிக்குள் வந்துதான் விளக்குக்கும் விசிறிக்கும் அடுத்த அறைக்கும் பிரிந்துபோகவேண்டும். சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு, பச்சை பச்சையோடு. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஏணி உச்சியில், கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, உள்ளங்கை அகலமுள்ள பெட்டிக்குள் அத்தனை ஒயரையும் அடக்குவது எளிதாக இல்லை. சீவிய முனையைக் கனெக்டரின் துளைக்குள் நுழைத்து, மேலே உள்ள திருகாணியை முடுக்கவேண்டும். ஒரு முனை நுழைந்தால் இன்னொன்று வெளியே வந்தது.

அவளைவிட அவனுக்குத்தான் சிரமம். இத்தனை வருடம் அவன் விரல் தெரிந்து வைத்திருந்ததை அவன் வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

“முடுக்கு. இன்னும் கொஞ்சம். போதும், போதும், ரொம்ப முடுக்காத.”

“கொஞ்சம்னா எம்புட்டு?”

“அது… கையில தெரியும் புள்ள.”

“உங்க கையில தெரியும். என் கையில என்னன்னு தெரியும்?”

அவன் கீழே நின்று தவித்தான். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னான். திருகாணி நின்றதும் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார். அசைந்தால் போதாது. அசையவில்லை என்றால் போதும். அவள் இழுத்துப் பார்த்தாள். அன்று மத்தியானத்துக்குள் ஒரு பெட்டி முடிந்தது. அவள் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. மொக்கம்மாள் கொண்டுவந்த பால் விடாத கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு ஏணியை நகர்த்தினாள்.

மறுநாள் கூடத்துப் பெட்டியில் அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது வெளியே பைக் சத்தம் கேட்டது. மகாராஜன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். காசிராஜன்.

“இறங்கு. வெரசா இறங்கு” என்றான்.

அவளுக்கு ஏனென்று புரியவில்லை. இருந்தாலும் இறங்கினாள். அவன் கட்டிங் பிளேயரை அவள் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். காசிராஜன் உள்ளே வந்து கையைப் பற்றி விசாரித்தான். மேலே ஒரு சோலியாகப் போகிற வழியில் பார்த்துப்போக வந்தேன் என்றான். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, யாரை வைத்து வேலை ஓடுகிறது என்று கேட்டான். தெரிந்த பையன் ஒருவன் வருவான் என்றான் மகாராஜன். பொன்னுமணி சுவரோரம் நின்று தன் சேலையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சுருளை எடுத்துக்கொண்டிருந்தாள். காசிராஜன் அவளையும் நலம் விசாரித்துவிட்டுப் போனான்.

அவள் மறுபடி ஏணியில் ஏறினாள். எதை முடுக்கினோம், எது மிச்சம் என்பது மறந்துபோயிருந்தது. மகாராஜன் தன்மேலேயே கோபமாக இருந்தான், அந்தக் கோபத்தை அவள்மேல் காட்டினான். இதற்கு இத்தனை நேரமா, அதை உள்ளே தள்ளு, முடுக்கு, மூடியைப் போடு என்று விரட்டினான். அவள் மூடியைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

இறங்கியதும் அவன் முன்னால் வந்து நின்றாள். “இன்னொருக்க யார் வந்தாலும் நான் இறங்கமாட்டேன் மாமா. இப்பவே சொல்லிட்டேன்.”

ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்று அவன் ஏதோ சொல்லவந்தான். பேசட்டும் என்றாள். வேலை செய்கிற கையை ஒளித்துவைத்தால், கள்ள வேலை செய்தமாதிரி இருக்கிறது என்றாள். அவன் வெளியே போய்ப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டான். சரிவு முழுக்க மரங்களுக்கு அடியில் ஏலச்செடிகள் நனைந்து நின்றன. வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, அடுத்த பெட்டியில் பச்சை ஒயரை முதலில் எடு என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் வேலை தடங்கலில்லாமல் ஓடியது. சுவிட்சு போர்டுகளையும் மாட்டினார்கள். அதற்கடுத்த நாள் காலையில் காசிராஜன் மறுபடி வந்தான். தேவாரம் வேலையில் அரை நாள் ஓய்வு கிடைத்தது, பையன் வரவில்லை என்றால் மிச்சத்தை நான் முடித்துத் தருகிறேன் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். பொன்னுமணி ஏணியின் உச்சியில் இருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்தன.

காசிராஜன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். மகாராஜனின் காது சிவந்தது. ஆனால் இந்தமுறை அவன் அவளை இறங்கச் சொல்லவில்லை. “பையன்னு சொன்னேன்ல. அவதான் மாப்ளே” என்றான்.

காசிராஜன் கொஞ்ச நேரம் அவள் முடுக்குவதையே பார்த்தான். “மொதல்லயே சொல்லியிருந்தா என் ஏணியக் குடுத்து விட்டிருப்பேன். இந்த ஏணி ஆடுது, தங்கச்சி விழுந்திரும்” என்றான். அந்தப் பெட்டி முடியும்வரை ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். பேசியதெல்லாம் தேவாரத்தில் யானை இறங்கித் தென்னங்கன்றுகளைச் சாய்த்துவிட்டுப் போனதைப் பற்றித்தான்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு எல்லாம் முடிந்தது. பொன்னுமணி இடுப்பிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். மாட்டிவிட்டு மெயினைப் போட்டாள். மகாராஜன் இடது கையால் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டே போனான். கூடத்தில் விளக்கு எரிந்தது. விசிறி மெதுவாகக் கிளம்பிச் சுற்றியது. அறையில் எரிந்தது, வாசலில் எரிந்தது, சமையலறையில் எரிந்தது. மொக்கம்மாள் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். லயத்து அறையில் ஒரே ஒரு விளக்கு, அதையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அணைத்தால் தன் வீட்டிலும் அணைந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தாள்.

மகாராஜன் வாயெல்லாம் பல்லாக நின்றான். கடைசி ஜீப்பு வர இன்னும் நேரமிருந்தது. சாமான்களை எடுத்து வை, கிளம்பலாம் என்றான். பொன்னுமணி குனிந்து ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டாள். நிமிர்ந்தபோது சமையலறை விளக்கு ஒரு தடவை சிமிட்டியது.

ஒரே தடவைதான். கண் இமைப்பதுபோல. பிறகு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“பாத்தீகளா?” என்றாள்.

அவன் பார்க்கவில்லை. மலையில் வோல்டேஜ் ஏறும் இறங்கும், அது எப்போதும் உள்ளதுதான் என்றான். வோல்டேஜ் என்றால் எல்லா விளக்கும் அல்லவா சிமிட்டியிருக்கும் என்று அவள் கேட்டாள். அவன் விளக்கை அண்ணாந்து பார்த்தான். பிறகு, உன் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்றான். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது சிமிட்டவில்லை.

அவள் வெளியே போய் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். சமையலறைக்கு ஏணியை இழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. திருகாணி எல்லாம் சரியாக நின்றன.

“அதான் சொன்னேன்ல. மூடியப் போட்டுட்டு வா.”

“மத்ததையும் தெறந்து பாத்துர்றேன்.”

எல்லாவற்றையுமா என்று அவன் கேட்டான். எல்லாவற்றையும்தான் என்றாள். ஜீப்பு போய்விடும், நாளைக்கு விசேஷம், காலையில் வந்து பார்க்கலாம் என்றான். காலையில் ஆள் வந்துவிடும், அடுப்பு எரியும், பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள் என்றாள் அவள். அவன் குரல் உயர்ந்தது.

“இத்தனை வருசமா ஒயரிங் பண்றது நானா நீயா? நான் சொல்றேன், ஒண்ணுமில்ல.”

பொன்னுமணி ஏணியின் பாதியில் நின்றபடி சொன்னாள். “நீங்கதான் பண்ணுனீக மாமா. உங்க கை செஞ்சிருந்தா நானும் கெளம்பியிருப்பேன். இது என் கை. அது என்ன செஞ்சிச்சுன்னு எனக்கே தெரியல. இந்த வீட்டுல பெரியம்மா தனியாத்தான் படுக்கப்போறாக.”

மொக்கம்மாள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருவருக்கும் நடுவே புகவில்லை. கூடத்து மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து உதறிப் போட்டாள். ராத்திரிக்கு இங்கேயே இருங்கள், கஞ்சி வைக்கிறேன் என்றாள். பால் காய்ச்சாத வீட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்பதால், வெளியே மூன்று கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டப் போனாள்.

மகாராஜன் பையைத் துழாவி டார்ச்சை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் வந்தான். வெளியே பனி மூடிக்கொண்டு வந்ததில் வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

வாசல் பெட்டி சரியாக இருந்தது. கூடத்துப் பெட்டியில் சிவப்பும் பச்சையும் அசையவில்லை. சமையலறைக்குப் போகும் கருப்பு ஒயரை அவள் இழுத்தாள். அது மெதுவாக, தடங்கலில்லாமல், கனெக்டரை விட்டு அவள் கையோடு வந்துவிட்டது.

அவள் அதை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். முனையை அளவுக்கு மேல் உள்ளே தள்ளியிருந்தாள். திருகாணி செம்பைப் பிடிக்காமல் மேலே இருந்த கருப்புத் தோலைப் பிடித்திருந்தது. தோலில் திருகாணியின் தடம் பள்ளமாகத் தெரிந்தது. கம்பி பக்கத்தில் லேசாக உரசிக்கொண்டிருந்ததால்தான் விளக்கு எரிந்திருக்கிறது. இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். உரசி உரசிச் சூடேறும் என்றான் அவன். தோல் உருகும், பெட்டி கருகும். அதற்குமேல் தீதான்.

காசிராஜன் வந்த அன்று பாதியில் விட்டு இறங்கிய பெட்டி அதுதான். இருவருக்கும் அது நினைவு வந்தது. இறங்கச் சொன்னவன், விரட்டியவன் அவன்தான் என்று அவள் சொல்லிக்காட்டவில்லை.

“நான் அன்னைக்கு உன்னை இறக்கியிருக்கக்கூடாது” என்றான்.

“டார்ச்ச நல்லாக் காட்டுங்க” என்றாள் அவள்.

பள்ளம் விழுந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவினாள். தோல் துளையின் வாயோடு நிற்கும்படி அளவு பார்த்து நுழைத்தாள். முடுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். மூடியைப் போட்டாள்.

கீழே சாலையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. கண்டுபிடித்தாயிற்றே, ஓடினால் பிடித்துவிடலாம் என்றான் மகாராஜன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அதற்குள் ஏணியை அடுத்த பெட்டிக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். ஜீப்பு சற்று நேரம் நின்று, பிறகு வளைவுகளில் இறங்கிப்போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அறைக்குள் இருந்த மிச்சப் பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் கெட்டியாக நின்றன. கடைசி மூடியைப் போட்டுவிட்டு அவள் இறங்கியபோது, பார்த்தாயா, இதில் ஒன்றுமே இல்லை என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

“ஒண்ணுமில்லைன்னு இப்பத்தான தெரியும்” என்றாள் அவள்.

மெயினைப் போட்டார்கள். விளக்குகளையும் விசிறியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, வெளியே நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்து சன்னல்களைப் பார்த்தபடியே கஞ்சி குடித்தார்கள். பானை காலியாகும்வரைக்கும் சமையலறை விளக்கு சிமிட்டவில்லை. ஊறுகாய் மட்டும் காரமாக இருந்தது. அவன் இடது கையால் கிண்ணத்தைப் பிடித்துக் குடிக்கப் பழகியிருந்தான்.

காலையில் லயத்துப் பெண்கள் ஒரு ஜீப்பு நிறைய வந்து இறங்கினார்கள். பால் பொங்கியதும் குலவை போட்டார்கள். திருப்பூரிலிருந்து மகனும் மருமகளும் வந்து சேர்ந்தார்கள். மொக்கம்மாள் வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுக் காட்டினாள். பாண்டியம்மாள் என்று ஒருத்தி, மொக்கம்மாளோடு ஒரே வரிசையில் காய் எடுத்தவள், மகாராஜனிடம் வந்தாள். மலையடிவாரத்தில் தன் தம்பி வீடு கட்டுகிறான், அந்த ஒயரிங் வேலையையும் செய்துதர முடியுமா என்று கேட்டாள்.

மகாராஜன் எதிர்ப்பக்கம் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பொன்னுமணியைக் கைகாட்டினான். “செய்றது அவதான் ஆத்தா. அவளுக்கு எப்பத் தோதுப்படும்னு அவளக் கேளுங்க” என்றான்.

பாண்டியம்மாள் நம்பாமல் அவனையும் அவளையும் பார்த்தாள். பிறகு அவளிடமே போய்க் கேட்டாள். பொன்னுமணி வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். குடோனில் இன்னும் இரண்டு வாரத்துக்கு லோடு இருக்கிறது, பாதியில் விட்டுவர முடியாது, அதற்குப் பிறகு வருகிறேன் என்றாள். போர்டு எங்கே வைப்பது, பெட்டி எங்கே வைப்பது என்று பூச்சுக்கு முன்னாலேயே வந்து பார்க்கவேண்டும் என்றும் சொன்னாள்.

மகாராஜனின் கட்டைப் பிரித்தபோது புரட்டாசி முடிந்திருந்தது. மணிக்கட்டு கூடிவிட்டது. உடைந்த இரண்டு விரல்களும் முழுதாக மடங்கவில்லை. தினமும் பந்தைப் பிடித்து அமுக்கிப் பழகச் சொன்னார்கள். அவன் அமுக்கினான். சில நாள் பந்தைச் சுவரில் எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அந்த நாட்களில் பொன்னுமணி அவனைச் சமாதானப்படுத்தவில்லை. பந்தை எடுத்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஐப்பசியில் அவன் கட்டிங் பிளேயரைப் பிடித்தான். பிடிக்க முடிந்தது, அழுத்த முடியவில்லை.

அதற்குள் பாண்டியம்மாள் தம்பி வீடு முடிந்து, அடுத்த வீடு தொடங்கியிருந்தது. குடோன் முதலாளியிடம் போய் நின்றுவிடுவதாகப் பொன்னுமணி சொன்னாள். இத்தனை நன்றாகப் பொறுக்குகிற ஆள் திடீரென்று நின்றால் எப்படி என்று அவர் வருத்தப்பட்டார். என்ன வேலைக்குப் போகிறாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, தன் வீட்டு மாடியில் ஒரு விசிறி சத்தம் போடுகிறது, வந்து பார்க்கிறாயா என்றார். விசிறி ரிப்பேர் எனக்கு இன்னும் தெரியாது, தெரிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

லைசென்ஸ் மகாராஜன் பேரில்தான் இருந்தது. அவன் கூட இருந்தால்தான் அவள் வேலை செய்யலாம். அதனால் ஒயர்மேன் உதவியாளர் தேர்வுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். சாயங்காலங்களில் அவன் கேள்வி கேட்கிறான், அவள் மாவு பிசைந்துகொண்டே பதில் சொல்கிறாள். கசியும் கரண்டு மண்ணுக்குள் இறங்குவதற்காக வெட்டும் எர்த் குழி எத்தனை ஆழம் வேண்டும் என்பதில் இருவருக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பதை அவள் சொல்கிறாள். மலை மண்ணுக்கு அது போதாது என்று அவன் சொல்கிறான். போன வாரம் மலையடிவாரத்து வீடொன்றில் அவன் சொன்ன ஆழத்துக்கே குழி தோண்டச் சொல்லி, அது முடியும்வரை அவள் பெட்டியைத் தொடவில்லை.